தச்சுப் பட்டறையிற் கல்வி: கண்டி நாட்டுப் பயிலுநர் மரபு

அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலைப் பகைவர்க்கு எடுத்துரைக்கப் புகுந்த ஔவையார், புறநானூற்றுப் பாடலொன்றில் உவமை தேடித் தச்சனின் பட்டறைக்குச் செல்கின்றார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்து முடிக்கவல்ல தச்சனொருவன், ஒரேயொரு சக்கரத்தை ஒரு திங்கள் முழுவதும் இருந்து செய்வானாயின் அச்சக்கரம் எத்தகைய உறுதியுடையதாகும். அவ்வுறுதி வாய்ந்தவன் அதியமான் என்பது அப்பாடலின் கருத்து. வேகமும் பொறுமையும் ஒரே கையிற் குடியிருத்தல் கூடும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். உவமையின் நயத்தைச் சுவைப்போர் பெரும்பாலும் ஒரு வினாவை எழுப்புவதில்லை. அத்தச்சன் அக்கைவன்மையை யாரிடம் பெற்றான்? எத்தனை யாண்டுகளிற் பெற்றான்? பெறுவதற்கு முன் எத்தனை சக்கரங்களைப் பாழாக்கினான்?

வித்துவான்களையும் பட்டதாரிகளையும் உருவாக்கும் முறைபற்றி நூல்கள் பலவுள. ஒரு தச்சனை உருவாக்கும் முறைபற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகச் சிலவே. அம்முறை ஏட்டில் வாழாது பட்டறையில் வாழ்ந்தமையே அதற்குக் காரணமாகலாம். கண்டி நாட்டில், சிறப்பாக வத்தேகமையும் அதனைச் சூழ்ந்த மலைப்புறங்களும் போன்ற இடங்களில், அம்முறை இன்றும் முற்றாக அற்றுப்போகவில்லை. ஆயினும் அது பெரிதும் மாறியுள்ளது. அம்மாற்றம் ஓர் இளைஞனின் வாழ்வை எவ்வாறு ஆக்கவும் அழிக்கவும் கூடும் என்பதை ஆசிரியராயிருப்போர் அறிந்துகொள்ளுதல் நன்று.

வத்தேகம கண்டி நகரின் வடகிழக்கே, 1880ஆம் ஆண்டில் மாத்தளைவரை நீட்டப்பட்ட இருப்புப்பாதையில் அமைந்த சிறுநகர். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். பன்விலைப் பக்கமாகத் தேயிலைத் தோட்டங்கள். தாழ்புறத்தே வயலும் வீட்டுத்தோட்டமும் சூழ்ந்த சிங்களக் கிராமங்கள். நகரத்தெருவிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நடத்தும் கடைகள். இத்தகையதோர் ஊரில் தச்சுத்தொழில் ஒரு மொழிக்குள் அடங்குவதில்லை. தமிழ்ச் சிறுவன் உளி என்பதைச் சிங்கள ஆசான் 'நியன' என்கின்றார். வாள் 'கியத' ஆகின்றது. சீவுளி 'யத்த' ஆகின்றது. இரண்டு ஆண்டு பட்டறையில் இருந்த சிறுவனுக்கு இரு மொழியும் கைவந்துவிடுகின்றன. பாடசாலையில் இரண்டாம் மொழிப் பாடம் பத்தாண்டு நடத்தியும் எய்தாத பயன் இது என்பதை ஆசிரியர்கள் சற்றே நாணத்துடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

தொழிற்சொற்களிலே வரலாறு படிந்திருப்பதும் நோக்கத்தக்கது. கதிரை, மேசை, அலுமாரி, சன்னல் என்பன போர்த்துக்கேயர் வழியாக வந்தவை. 'லாச்சி' ஒல்லாந்தர் தந்தது. பட்டறைத் தலைவரைச் சிங்களவரும் மலையகத் தமிழரும் ஒருங்கே 'பாஸ்' என்றழைப்பதும் ஒல்லாந்தச் சொல்லாலேயே. அம்மொழியில் அது தலைவன், எசமான் எனப் பொருள்படும். செய்யப்படும் பொருள்களின் பெயர் கடல்கடந்து வந்தவிடத்தும், செய்யும் கருவிகளின் பெயர் மாறவில்லை. உளி, வாள், சீவுளி, அரம், துறப்பணம், கொட்டாப்புளி என்பன நம்முடையனவாகவே உள்ளன. வந்தவர் கேட்ட பொருளைத் தன் பழைய கருவி கொண்டே செய்து கொடுத்தான் இந்நாட்டுத் தச்சன் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கண்டி நாட்டுத் தச்சரின் பழைய பெருமைக்கு எம்பெக்கத் தேவாலயமே நிலைத்த சான்று. கண்டிக்குத் தென்மேற்கே உடுநுவரையில் உள்ள இத்தேவாலயம், கம்பளையிலிருந்து அரசாண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், கதிர்காமத் தெய்வத்திற்காக அமைக்கப்பட்டது. முருகனை வழிபடும் சைவ மக்களுக்கும் அது அயலான இடமன்று. அங்குள்ள மேளமண்டபத்தின் மரத்தூண்களில் பின்னிய அன்னங்களும், இருதலைப் புள்ளும், மற்போர் வீரரும், ஆடுமகளிரும், குழந்தைக்குப் பாலூட்டும் தாயும் செதுக்கப்பட்டுள்ளனர். சிற்பத்தைக் கண்டு வியப்போர் தலையை நிமிர்த்திக் கூரையையும் நோக்குதல் வேண்டும். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒருங்கே வந்து கூடுகின்றன. அவையனைத்தையும் 'மடொல் குருப்பாவ' எனப்படும் ஒரே மரமுளை பிணைத்து நிற்கின்றது. தூணின் சிற்பம் கண்ணுக்கு விருந்து. இம்முளையோ கணக்கின் வெற்றி. 26 மரங்களுள் ஒன்றன் சாய்வு சிறிது பிழைத்திருப்பினும் ஏனையவை அவ்விடத்திற் கூடியிரா.

இவ்வேலையின் தலைவனாக மரபு கூறும் பெயர் தெல்மட மூலாச்சாரி என்பது. பேராதனை வீதியிற் செல்லும் தமிழர் இப்பெயரைக் கேட்டுச் சிங்களச் சொல்லென்று எண்ணிவிடக்கூடும். மூல ஆசாரி என்று பிரித்தால் நமக்கும் அது சொந்தமாகும். கண்டி வாவியோடும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தோடும் சேர்த்துப் பேசப்படும் தேவேந்திர மூலாச்சாரியும், நாயக்க மன்னனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனின் காலத்தில் இதே பட்டத்தைத் தாங்கியவர். ஆசாரியன் என்ற சொல் வேதம் ஓதுவிப்பவனுக்கும் மரம் செதுக்குபவனுக்கும் பொதுவாய் நின்றது. இந்நாளில் அது ஒருவனை உயர்த்துவதற்கும் மற்றவனைத் தாழ்த்துவதற்கும் பயன்படுவது சொல்லின் குற்றமன்று.

கண்டி அரசில் கைவினைஞர் 'கொட்டல் பத்த' என்னும் அரச பகுதியின்கீழ் அடங்கியிருந்தனர். தொழிலுக்குக் கூலியாகப் பணத்தினும் நிலமே பெரிதும் வழங்கப்பட்டது. அரசனுக்கோ தேவாலயத்துக்கோ குறித்த வேலையைச் செய்து கொடுக்கும் குடும்பம், அதற்கீடாக வயற்பங்கினை வழிவழியாக அனுபவித்தது. ஆகவே தந்தை மகனுக்குத் தொழில் கற்பித்தல் அன்பின்பாற்பட்டது மட்டுமன்று. நிலத்தைக் காக்கும் கடனுமாயிற்று. தொழில் தெரியாத மகன் பங்கினை இழப்பான். இக்கட்டாயமே பயிற்சியின் கடுமையை விளக்கும்.

அப்பயிற்சியை நேரிற் கண்டோரிடம் கேட்டறிந்து எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய இவர், கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராய் 1903 முதல் 1906 வரை நாட்டைச் சுற்றியபோது, கல்லைத் தேடிய கண்களாற் கலையையும் கண்டார். அதன் பயனாக 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலைபற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு இந்தியக் கைவினைஞன்பற்றி எழுதிய சிறுநூலில், பட்டறைக் கல்வியை வகுப்பறைக் கல்வியோடு ஒப்பிட்டு அவர் கூறியவை கல்வித்துறையினர் மீண்டும் மீண்டும் படித்தற்குரியன. பட்டறையில் மாணாக்கன் மெய்யான பொருளையும் மெய்யான இடர்ப்பாட்டையும் முதல்நாளே எதிர்கொள்கின்றான். ஆசானுக்குத் தொண்டு செய்தே தொழிலைக் கற்கின்றான். தொழிலோடு வாழ்க்கை நோக்கும் அவனை வந்தடைகின்றது. இந்நிலைமைகள் அழிந்தபின் எந்தத் தொழில்நுட்பப் பள்ளியும் அவ்விழப்பை ஈடுசெய்யாது என்பது அவரது துணிபு.

சிங்களக் கைவினைஞரின் வரைபயிற்சி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. சிறுவன் முதலிற் கற்பது 'வக தெக' எனப்படும் இரட்டை வளைவு. ஒரு வளைவு இப்புறம், மறு வளைவு அப்புறம், அவ்வளவே. அதனைக் கை தடுமாறாது வரையும்வரை வேறொன்றும் கொடுக்கப்படுவதில்லை. பின்னர் அவ்வளைவே கொடியாகின்றது, இலையாகின்றது, அன்னத்தின் கழுத்தாகின்றது. தமிழ்த் திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடியை மணலில் எழுதிப் பயின்றமையை ஒத்தது இது. எழுத்து பயின்ற கை சொல்லைத் தானே எழுதும்.

குமாரசுவாமியின் கருத்தில் ஒரு குறை உண்டு. அவர் பட்டறையின் உள்ளே அமர்ந்து நோக்கினார். வாசலில் நின்றவனை நோக்கவில்லை. தந்தை மகனுக்குக் கற்பிக்கும் முறை, அக்குலத்திற் பிறவாத சிறுவனுக்குக் கதவடைக்கும் முறையுமாகும். எம்பெக்கத் தூணைக் கண்டு ஆசை கொண்ட உழவன் மகன் உளியைத் தொட முடியாது. தச்சன் மகன் ஓவியத்தையோ மருத்துவத்தையோ விரும்பினாலும் உளியை விட முடியாது. தமிழரிடையேயும் நிலை இதுவே. விசுவகர்மாவின் வழித்தோன்றல்கள் என்று போற்றப்பட்ட ஐந்தொழிலாளர், தம் தொழில் நுட்பங்களைக் குலத்துள்ளேயே காத்தனர். காத்தமையால் அவை நூற்றாண்டுகள் நிலைத்தன. ஒரு குடும்பம் அற்றுப்போனபோது அதனோடு நுட்பமும் மறைவதற்குக் காரணம் அதுவேயாயிற்று.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்கான உடன்படிக்கை கையொப்பமிடப்பட்ட மகுல் மடுவ, கண்டித் தச்சரின் செதுக்குத்தூண்கள் நிரைந்த மண்டபம் என்பது வரலாற்றின் விளையாட்டு. 1832இல் இராசகாரியமுறை ஒழிக்கப்பட்டது; விகாரை, தேவாலய நிலங்களுக்குரிய சேவை மட்டும் எஞ்சியது. மக்களைக் கட்டாய ஊழியத்தினின்றும் விடுவித்த அச்சீர்திருத்தம், கைவினைஞனை அவனது புரவலனிடமிருந்தும் பிரித்துவிட்டது. பின்னர்க் கோப்பியும் தேயிலையும் வந்தன. தோட்டங்களுக்கு வேண்டியவை அன்னமும் தாமரையும் செதுக்கிய தூண்களல்ல. தொழிற்சாலைக்குக் கூரை, துரைமார் பங்களாவுக்குக் கதவு, தேயிலை அனுப்பப் பெட்டி, லயன் அறைகளுக்குச் சட்டம். தச்சனின் வேலை பெருகிற்று. அவனது கலை சுருங்கிற்று.

இத்தகைய தேவைகளே குலத்தின் கதவைச் சிறிது திறந்தன. மரத்தைத் தூக்க ஆள் வேண்டும், வாளின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்ற நிலையில், யார் மகன் என்று வினவுதல் குறைந்தது. தோட்டத்துச் சிறுவன் நகரத்து பாஸிடம் 'கோலயா' ஆனான். கோலயா என்பது சிங்களத்திற் சீடன், பயிலுநன் என்னும் பொருளது. மணிமேகலையிலே மகத வினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ்த் தொழிலாளரோடு கூடி வேலை செய்ததாகச் சாத்தனார் கூறுவதை நினைவுகூர்ந்தால், மொழிவேறுபட்டோர் ஒரு பட்டறையிற் கூடுதல் புதிதன்று என்பது புலப்படும்.

இனி, அச்சிறுவன் பட்டறையில் எவ்வாறு பயில்கின்றான் என்பதை நோக்கலாம்.

நல்ல நாள் பார்த்து, தந்தையோ மாமனோ அவனை அழைத்துச் செல்வர். வெற்றிலை கொடுத்து வணங்கிச் சேர்தல் சிங்களவர்க்கும் தமிழர்க்கும் பொதுவான வழக்கம். எழுத்தில் ஒன்றுமில்லை. முதற் சில மாதங்கள் அவன் கற்கின்றான் என்று எவரும் கூறார். சுருள்சுருளாய் விழும் மரச்சீவலைக் கூட்டுகின்றான். வளைந்த ஆணியை நிமிர்த்துகின்றான். தேநீர் வாங்கி வருகின்றான். பலகையை இங்கிருந்து அங்கு சுமக்கின்றான். முன்னாளில் வச்சிரத்தைக் கரைத்துப் பதமாய்க் காய்ச்சுதலும் அவனுக்குரியது. இன்று புட்டியில் வரும் வெள்ளைப் பசை அவ்வேலையை ஒழித்துவிட்டது. வேலைக்காரப் பையனாக ஏய்க்கப்படுகின்றான் என்று பெற்றோர் வருந்தும் காலமும் இதுவே. அவ்வருத்தம் சிலவிடத்து நியாயமானதே. ஓராண்டு கழிந்தும் துடைப்பத்தை விட்டு உளியைக் கொடாத ஆசானும் உளர். ஆயின் நல்ல ஆசானிடத்தில் அம்மாதங்கள் வீணாவதில்லை. பலகையைச் சுமப்பவன் அதன் பாரத்தை அறிகின்றான். பலாவின் மணமும் மகோகனியின் மணமும் மலைவேம்பின் இலேசும் அவனுக்குப் பெயர் கேளாமலே தெரியவருகின்றன. தேயிலைக்கு நிழலாக நடப்படும் கிரெவிலியாப் பலகைக்கும் காட்டுமரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தோள் முதலில் அறியும். கண் பின்னரே அறியும்.

அடுத்தது கூர்தீட்டல். தொழிலின் வாயில் இதுவே. உளியின் அலகு ஏறத்தாழ 25 பாகைச் சாய்விற் சாணை பிடிக்கப்பட்டு, வெட்டும் விளிம்பில் மட்டும் 30 பாகையளவில் தீட்டுக்கல்லில் தீட்டப்படும். அலகின் பின்புறம் கண்ணாடிபோற் சமமாயிருத்தல் வேண்டும். பாகைமானி கொண்டு இதனை அளப்பார் பட்டறையில் எவருமிலர். மணிக்கட்டு அசையாது கல்லின்மேல் உளியை நடத்தும் பழக்கமே அளவு. சிறுவன் மணிக்கட்டை ஆட்டுவான், அலகு உருண்டுவிடும், ஆசான் ஒன்றும் பேசாது அதனை வாங்கி மீண்டும் சாணையில் வைத்துக் கெடுத்து அவனிடமே கொடுப்பார். யப்பானில் ஹொர்யூஜி விகாரையின் மரக்கட்டடங்களைப் பேணிய தலைமைத் தச்சர் நிஷியோக்கா (1908-1995), தம்மிடம் வந்த மாணாக்கரை ஓராண்டுவரை கருவி தீட்டுதலையன்றி வேறொன்றும் செய்யவிடவில்லை. செய்தித்தாளும் தொலைக்காட்சியுங்கூட விலக்கப்பட்டன. வத்தேகமைப் பட்டறை அத்துணைக் கடுமையுடையதன்று. எனினும் இரண்டிடத்தும் கருத்து ஒன்றே. மழுங்கிய உளி மரத்தை வெட்டாது நசுக்கும். அதனோடு போராடுபவன் தன் கையையும் வெட்டிக்கொள்வான்.

மூன்றாவது நிலையில் வாளும் சீவுளியும் கைக்கு வருகின்றன. வாள் தானே ஓர் அகலத்தைத் தின்னும். ஆகவே குறித்த கோட்டின்மேல் அறுத்தால் துண்டு குறைந்துபோம். கழிக்கப்படும் புறத்தில் அறுத்தல் வேண்டும். இஃது ஒரு வரியிற் கூறத்தக்க விதி. ஆயினும் இதனை மறந்து சிறுவன் பாழாக்கும் பலகை ஒன்றிரண்டு அல்ல. பாழான பலகைக்கு விலையுண்டு. அவ்விலையை ஆசான் ஏற்கின்றார். வகுப்பறைக்கும் பட்டறைக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தே தெளிவாகின்றது. கணக்கிற் பிழைவிட்ட மாணவனுக்குச் சிவப்பு மையில் ஒரு குறுக்குக்கோடு. அக்கணக்கு அவ்வளவில் மறக்கப்படும். மரத்திற் பிழைவிட்டவன் அப்பிழையை மாலைவரை கண்முன்னே காண்கின்றான். சில வேளைகளில் ஆசான் அதனை எறியவிடாது, சிறியதொரு முக்காலிக்குக் காலாக்கும்படி பணிக்கின்றார். பிழையை அழித்தலும் பிழையைப் பயன்கொள்ளுதலும் வேறுவேறு பாடங்கள்.

சீவுளி (தமிழகத்தார் இழைப்புளி என்பர்) மரத்தின் நார் ஓடும் திசையை அறியும் கருவி. திசைக்கு எதிராக ஓட்டினால் மேற்பரப்புப் பிய்ந்துவிடும். ஒரு முகத்தைச் சமமாக்கி, அதற்குச் செங்கோணமாக ஓர் ஓரத்தைச் சீவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்திற் பிடித்தால் இடையில் ஒளிக்கீற்றுத் தெரியலாகாது. 'வெளிச்சம் தெரிகிறதா?' என்ற அவ்வொரு வினாவே பரீட்சை. யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தை மனனஞ்செய்து ஒப்புவித்த மாணவன் செங்கோணத்தை அறிவான். இச்சிறுவனோ செங்கோணத்தை உண்டாக்குவான். இருவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பதே நம் கல்வியின் பெருங்குறை.

அதன்பின் பொருத்துகள். கட்டையின் தடிப்பை மூன்றாகப் பகுத்து நடுப்பங்கினைக் கழுந்தாக்கி, மறுகட்டையில் அதற்கேற்ற துளை அமைத்தல் அடிப்படை. துளை தளர்ந்தால் கதிரை ஆடும். இறுகினால் கட்டை பிளக்கும். கொட்டாப்புளியால் மெல்லத் தட்டும்போது எழும் ஒலியைக் கேட்டே ஆசான் இறுக்கம் போதுமா என்பதைச் சொல்வார். லாச்சியின் மூலையில் வரும் புறாவால் மூட்டு, சிறுவனின் தகுதியை முடிவுசெய்யும் வேலை. அது திருந்தினால் அவன் இனிக் கூட்டும் பையனல்லன், நாட்கூலிக்கு உரியவன்.

இவையனைத்தினும் அரியது மரத்தின் இயல்பை முன்னறிதல். வெட்டப்பட்ட பின்னும் மரம் சுருங்கிக்கொண்டும் விரிந்துகொண்டுமே இருக்கும். நாரின் நீளவாக்கில் அதன் மாற்றம் மிக அற்பம், குறுக்குவாக்கிலே கணிசமானது. கண்டிப் புறத்தில் மாசி, பங்குனி மாதங்கள் பெரும்பாலும் வறண்டவை; ஐப்பசி, கார்த்திகையில் மழை கனத்துப் பெய்யும். பங்குனியிற் சட்டத்தோடு ஒட்டப் பொருத்திய கதவு கார்த்திகையில் திறவாது. ஆகவே எவ்வளவு இடைவெளி விடுதல் வேண்டும் என்பது மரத்தின் இனம், அது உலர்ந்த காலம், கதவு நிற்கும் திசை ஆகியவற்றைப் பொறுத்தது. சட்டத்துள் அமையும் பலகையைப் பசையிட்டு இறுக்காது அசையவிடுவதும் இதனாலேயே. ஓரங்குலத் தடிப்புக்கு ஓராண்டு உலர்த்துக என்று ஒரு பொதுவிதி உண்டு. வாங்குவோரின் அவசரம் அவ்விதியைப் பலவேளை மீறச் செய்கின்றது. மழைக்காலத்தில் ஒரு வீட்டின் கதவு இறுகியதாகச் செய்தி வந்தால், நல்ல ஆசான் அதனைச் சீவத் தாம் செல்லாது, அக்கதவைச் செய்த சிறுவனையே அனுப்புவார். வீட்டுக்காரரின் முகத்தை அவன் பார்த்தல் வேண்டும் என்பது அதன் நோக்கம்.

சட்டமும் அவனுக்குரிய பாடமே. பலாமரத்தை நினைத்தவாறு தறிக்கவியலாது; 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலா, ஈரப்பலா முதலியவற்றைத் தறிப்பதற்கு அனுமதி வேண்டுமென விதித்தது. பஞ்சகாலத்தில் உணவாகும் மரத்தைக் கதவாக்கிவிடலாகாது என்ற கருத்து அதிலுண்டு.

நவராத்திரியின் ஆயுத பூசையன்று தமிழர் பட்டறைகளில் உளியும் வாளும் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. அன்று கருவியைத் தொடுதலாகாது. ஏடு அடுக்கிக் கலைமகளை வழிபடும் கல்லூரியும் கருவி அடுக்கி வழிபடும் பட்டறையும் அன்றொரு நாளாயினும் ஒரே பொருளை வணங்குகின்றன.

இவ்வாறு நான்கைந்து ஆண்டு பயின்றவன் தச்சனாகின்றான். ஆனால் அதனை அறிந்தோர் யார்? அவனுடைய ஆசானும் அவ்வூரிற் சில வீட்டுக்காரருமே. ஆசான் இறந்துவிட்டால், அல்லது அவன் வேறூருக்குச் சென்றுவிட்டால், அவன் தச்சன் என்பதற்குச் சான்றில்லை. வங்கியில் கடன் கேட்டால் பத்திரம் கேட்பர். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தாலும் பத்திரமே கேட்பர். மலையகத் தமிழர்க்கு இவ்விடர் இருமடங்காயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களுக்கு, கையில் தொழில் இருந்தும் அரசாங்கப் பட்டறைகளை நோக்கும் வழி அடைபட்டிருந்தது. 1964இன் ஸ்ரீமா-சாஸ்திரி உடன்படிக்கை, பின்வந்த சட்டங்கள், இறுதியில் 2003ஆம் ஆண்டின் சட்டம் எனப் பல படிகளைக் கடந்தே அவ்வழக்குத் தீர்ந்தது. இடைப்பட்ட தலைமுறையில் உளி பிடித்தோர் பத்திரமின்றியே முதுமையடைந்தனர்.

பட்டறைக் கல்விக்கு எழுத்துருவம் தர முயன்றது 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் தேசிய பயிலுநர் சட்டம். அதன்கீழ்ப் பயிலுநரை மேற்பார்வை செய்வதற்கெனத் தனிச்சபை அமைந்தது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையாக்கியது. வாய்ச்சொல்லால் நிகழ்ந்த சேர்க்கைக்கு இங்கே எழுத்திலான உடன்படிக்கை வருகின்றது. பயிற்சிக்குக் கால எல்லையும் முடிவிற் பரீட்சையும் வருகின்றன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 7 படிகளாக வகுக்கப்பட்ட தேசிய தொழில் தகைமைமுறை, தச்சனுக்கும் ஏணியொன்றை அமைத்தது. முதல் 4 படிகள் சான்றிதழ். 5உம் 6உம் டிப்புளோமா. 7 பட்டத்துக்குச் சமம். கூட்டிய பையனுக்கும் கோட்பாட்டளவிற் பட்டம்வரை வழி திறந்திருப்பது சிறு செய்தியன்று.

செருமனியில் இவ்விணைப்பு வேரூன்றியுள்ளது. அங்கே மரவேலை பயில்வோன் ஏறத்தாழ 3 ஆண்டு பட்டறையிலும், வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பாடசாலையிலும் கற்கின்றான். முடிவில் தானே வரைந்து தானே செய்த ஒரு பொருளைத் தேர்வாளர் முன் வைக்கின்றான். அதன்பின்னர் 3 ஆண்டும் ஒரு நாளும் ஊர்ஊராய் அலைந்து வேலை செய்யும் பழைய வழக்கத்தை இன்றும் சிலர் விடவில்லை. அங்கு பட்டறை பாடசாலையைப் பகைக்கவில்லை. பாடசாலை பட்டறையை இகழவுமில்லை.

இலங்கையில் அவ்விகழ்ச்சியே பெருந்தடை. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை எல்லா மாணவர்க்கும் விதித்தது. சுற்றாடலிலுள்ள தொழில்களை மாணவர் கண்டு கேட்டு எழுதவேண்டும் என்பது அதன் நோக்கம். நகரத்துப் பெற்றோர் அதனை இரண்டாந்தரக் கல்வியென்று ஐயுற்றனர். 1977இன் ஆட்சிமாற்றத்தோடு அம்முயற்சி கைவிடப்பட்டது. அதன்பின் பாடசாலைகளில் வழங்கும் பேச்சு எல்லோரும் அறிந்ததே. சாதாரணதரப் பரீட்சையிற் கணிதம் தவறிய மாணவனை நோக்கி, 'இனித் தச்சு வேலைக்குப் போ' என்கின்றோம். தச்சுவேலைக்குக் கணிதம் வேண்டாம் என்றெண்ணுபவர் எம்பெக்கையின் கூரையை அண்ணாந்து பார்த்ததில்லை. தோல்வியின் தண்டனையாக ஒரு தொழிலைக் காட்டினால், அங்குச் செல்பவன் தலைகுனிந்தே செல்வான். தலைகுனிந்து சென்றவன் கூர்தீட்டும் மாதங்களைப் பொறுத்திரான். முச்சக்கர வண்டியோட்டினால் அன்றன்றே காசு கிடைக்கும்போது, துடைப்பத்தோடு ஓராண்டு நிற்பதற்கு அவனுக்கு வேறென்ன காரணம் இருத்தல் கூடும்?

பத்திரமுறையிலும் குறையுண்டு. குறித்த மாதங்களிற் பயிற்சியை முடித்தல் வேண்டுமாதலின், மரம் உலரும் காலத்தை அது பொறுப்பதில்லை. கார்த்திகைக் கதவைக் காணாமலே ஒருவன் சான்றிதழ் பெற்றுவிடலாம். இயந்திர வாளும் இயந்திரச் சீவுளியும் வந்தபின் கைக்கருவிப் பயிற்சியைச் சுருக்கும் நாட்டமும் மிகுந்துள்ளது. இயந்திரம் நேராய் அறுக்கும். எந்தப் பலகையை எவ்விடத்திற்குத் தெரிவது என்பதை அது சொல்லாது.

ஆயினும் இம்முறையின் ஓர் ஏற்பாடு மிகவும் பாராட்டத்தக்கது. பயிற்சி நிலையத்துக்குச் செல்லாமலே தொழில் கற்றவர்களின் முன்னைய கற்றலை ஏற்று, நேரிற் பரீட்சித்துத் தகைமை வழங்குதல் அது. பாஸ் ஒருவரிடம் வெற்றிலை கொடுத்துச் சேர்ந்து, இருபது முப்பது ஆண்டு வேலை செய்தவர் இப்போது விண்ணப்பிக்கலாம். தாம் செய்தவற்றுக்குச் சான்று காட்டுமாறு அவரிடம் கேட்கப்படும். கருவியைக் கையில் எடுத்துச் செய்து காட்டவும் வேண்டும். செய்து காட்டுதல் அவருக்கு எளிது. எழுத்திற் சான்று காட்டுவதே கடினம். தாம் செய்த வேலைகளைப் படமெடுத்து வைத்தவர் சிலரே. எனவே, எந்த ஊரில், எந்த வீட்டில், எந்த ஆண்டில் கதவு போட்டோம் என்பதை நினைவினின்றும் ஒவ்வொன்றாகச் சொல்லி, பாடசாலையிற் படிக்கும் தம் மகளைக் கொண்டு எழுதுவித்து, அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் பரீட்சைக்குச் செல்கின்றார்.